கிராம்பா, தைலமா, யூஜினாலா: பல்வலிக்கு எதைக் கையில் எடுப்பது?

ஒரு திங்கட்கிழமை காலை, கிளினிக் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஓர் அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே கூட்டிப்போய் வாயைத் திறக்கச் சொன்னோம். கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தைப் பல். அதைவிடக் கண்ணில் பட்டது பக்கத்து ஈறும் கன்னத்தின் உள்பக்கமும்தான். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வெளுத்து, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது.

"ராத்திரி பூரா கிராம்புத் தைலத்தைப் பஞ்சில நனைச்சு வச்சுட்டுப் படுத்தேன் டாக்டர். இயற்கைதானே, ஒண்ணும் செய்யாதுன்னு மாமியார் சொன்னாங்க."

நான் டாக்டர் இல்லை. நாகர்கோவிலில் ஒரு பல் கிளினிக்கில் பன்னிரண்டு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். கிராம்பு எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. மாறாமலை, வேளிமலைப் பக்கத்துத் தோட்டங்களில் விளைகிற கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் என் சேலையிலும் கையிலும் அந்த வாசனைதான். ஆனாலும் வலியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் கிராம்பைத் தவறான உருவத்தில், தவறான அளவில் போட்டுப் புண்ணாக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் பல் தெறிக்கும்போது வீட்டில் எதை எடுப்பது, கிளினிக்கில் எந்த அடைப்பைக் கேட்டு வாங்குவது, இந்த இரண்டு முடிவுக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். பல் ஆஸ்பத்திரி வாசனை என்று நாம் சொல்வது யூஜினால் என்ற ஒரே ஒரு சேர்மத்தின் வாசனை. கிராம்பு மரத்துக்கு முன்பு இருந்த யூஜீனியா என்ற தாவரவியல் பெயரிலிருந்து வந்த பெயர் இது. இப்போது அந்த மரத்தை சிசீஜியம் அரோமேட்டிகம் என்கிறார்கள், சேர்மம் மட்டும் பழைய பெயரிலேயே நிற்கிறது. மொட்டிலிருந்து வடித்த கிராம்புத் தைலத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் இதுதான் இருக்கும். துளசியிலும் உண்டு. இலங்கையில் கறுவா இலையிலிருந்து வடிக்கிற எண்ணெயிலும் பெரும்பங்கு இதுவே.

இது நரம்பில் இரண்டு வேலை செய்கிறது. மிளகாயின் காரத்தை உணர்கிற அதே ஏற்பியைத் தொடுகிறது, அதனால் முதலில் சுரீர் என்று எரியும். கூடவே, வலிச் செய்தி நரம்பு வழியே ஓடத் தேவையான சோடியக் கதவுகளை அடைக்கிறது, அதனால் கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். அளவு குறைவாக இருக்கும்வரை இது மருந்து. கூடினால் செல்லையே கொல்லும். அந்த அம்மாவின் கன்னத்தில் வெளுத்துக் கிடந்தது செத்துப்போன தோல்தான். ஆகவே முழுக் கிராம்பு, தைலம், சுத்த யூஜினால், கிளினிக்கில் பல் குழியை அடைக்கிற யூஜினால் சிமென்ட் என்று எதை எடுத்தாலும் உள்ளே இருப்பது ஒரே பொருள். எவ்வளவு, எவ்வளவு வேகத்தில், எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம்பு ஏறக்குறைய நூறு மில்லிகிராம் எடை. அதில் எண்ணெய் 15 முதல் 20 சதவீதம், அதாவது 15 முதல் 20 மில்லிகிராம். தைலத்தில் ஒரு சொட்டு சுமார் நாற்பது மில்லிகிராம். ஆக ஒரே சொட்டில் இரண்டு கிராம்பின் மொத்த எண்ணெய்யும் அடங்கிவிடுகிறது. கடையில் விற்கிற 5 மில்லி குப்பியில் முந்நூறு கிராம்பு இருக்கிறது. பஞ்சை நனைத்துக் கன்னத்தில் அடக்கி விடிய விடியப் படுத்தால் என்ன ஆகும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

என் கை முதலில் போவது அஞ்சறைப் பெட்டிக்குத்தான். முழுக் கிராம்பில் எண்ணெய் சின்னச் சின்னப் பைகளில் அடைந்து கிடக்கிறது. வலிக்கும் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து, வலிக்காத பல்லால் லேசாக நசுக்கினால் எச்சிலோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். அதிகமாகப் போட வேண்டும் என்று நினைத்தாலும் போட முடியாது. பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருந்து துப்பிவிடலாம், எரிந்தால் உடனே எடுத்துவிடலாம். குறை என்னவென்றால், குழி சின்னதாகவோ இரண்டு பல்லுக்கு நடுவிலோ இருந்தால் போதுமான அளவு உள்ளே போகாது. சொத்தைப் பல்லாலேயே கிராம்பைக் கடித்து, ஏற்கெனவே மெலிந்துபோன சுவரை உடைத்துக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் கடிக்காமல் மெல்ல நசுக்குங்கள்.

தைலத்துக்கு வேகம் அதிகம். குழிக்குள் நேரே போகும் என்பதும் உண்மை. ஆனால் அதை அப்படியே எடுக்கக் கூடாது. ஒரு டீஸ்பூன் தேங்காயெண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு விட்டுக் கலந்து, காது குடையும் பட்ஸின் நுனியில் தொட்டு, பல்லின் குழியில் மட்டும் வைக்க வேண்டும். ஈறில் வழிந்தால் துடைத்துவிட்டு வாய் கொப்பளியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் எதையும் அடக்கி வைக்க வேண்டாம். மூடியை இறுகத் திருகி, குப்பியைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டவே எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு மிடறு கிராம்புத் தைலத்தைக் குடித்த இரண்டு வயதுக் குழந்தை வலிப்பு வந்து, நினைவிழந்து, ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அந்த முந்நூறு கிராம்புக் கணக்கை இன்னொரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். பல் முளைக்கும் கைக்குழந்தையின் ஈறில் இதைத் தடவுகிற வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

தைலம் வாங்கும்போது ஏமாறுவதும் உண்டு. ஒரு கடையில் நான் வாங்கிய குப்பியில் சுத்தக் கிராம்புத் தைலம் என்று போட்டிருந்தது, திறந்தால் வாசனை மேலோட்டமாகத்தான் வந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டு ஸ்பூனால் கலக்கிப் பார்த்தேன். கிராம்புத் தைலம் தண்ணீரைவிடக் கனமானது, அடியில் போய் உருண்டு நிற்க வேண்டும். இது மேலே படர்ந்து மிதந்தது. வேறு ஏதோ எண்ணெயைத் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். காகிதத்தில் ஒரு சொட்டு வைத்தும் பார்க்கலாம். சுத்தமானது மெதுவாகவாவது பறந்துபோகும், சமையல் எண்ணெய் கலந்திருந்தால் பிசுக்குக் கறை நாள் கணக்கில் நிற்கும். பாட்டில் கருங்கண்ணாடியாக இருக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக் கப்பில் ஊற்றி வைத்தால் கப்பே நெகிழ்ந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு தடவை மேசையெல்லாம் சிந்தவிட்டிருக்கிறேன். பிளாஸ்டிக்கை இளக்குகிற ஒன்று ஈறை என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சுத்த யூஜினால் பல் மருந்துக் கடைகளில் கிடைக்கும். தெரிந்தவர் வாங்கித் தந்தார் என்று வீட்டில் வைத்திருப்பவர்கள் உண்டு. வீட்டுக்கு அது வேண்டாம். தைலத்தைவிட அதில் கூடுதலாகக் கிடைப்பது ஆபத்து மட்டும்தான்.

அப்புறம் மரத்துப்போகும் ஜெல். பென்சோகைனோ லிக்னோகைனோ இருக்கும். 2006-ல் குவைத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். பொடித்த கிராம்பில் செய்த ஜெல், 20 சதவீத பென்சோகைன் ஜெல், இவற்றைப் போலவே இருக்கும் மருந்தில்லாத வெறும் ஜெல் என்று வைத்து, 73 பேரின் மேல் கோரைப்பல்லுக்கு வெளிப்பக்க ஈறுப் பகுதியில் ஊசியால் குத்திப் பார்த்தார்கள். இரண்டும் வெறும் ஜெல்லைவிட நன்றாகவே வலியைக் குறைத்தன, இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இல்லை. இதைக் காட்டி, கிராம்பு பல்வலியைத் தீர்க்கும் என்று எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர்கள் சோதித்தது தோலில் படும் ஊசிக் குத்தை, பல்லுக்குள்ளே வீங்கித் தெறிக்கும் நரம்பை அல்ல. ஈறுப் புண்ணுக்கு ஜெல் நல்லது, ஆழமான சொத்தைக்கு அது எட்டாது. இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குப் பென்சோகைன் வைக்கவே கூடாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும் ஒரு நிலை அதனால் வரலாம்.

நான் சொல்ல வந்ததில் பலருக்குப் பிடிக்காத பகுதி இது. ராத்திரியில் தூங்கவிடாமல் தெறிக்கிற வலிக்கு, இவை எல்லாவற்றையும்விட மாத்திரைதான் பலன் தரும். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால், அல்லது சாப்பிட்ட பிறகு ஐபுபுரூஃபன். இரண்டையும் சேர்த்து எடுத்தால் பல்வலி இன்னும் நன்றாகவே அடங்கும் என்று எங்கள் டாக்டரும் சொல்வார். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தத்தை இளக்கும் மாத்திரை இவற்றில் ஏதாவது இருந்தால் ஐபுபுரூஃபன் கேட்காமல் எடுக்கக் கூடாது. காய்ச்சலும் சேர்ந்து இருந்தால், அதிலும் மழைக்கால டெங்கு நேரத்தில், அதைத் தொடவே வேண்டாம். மாத்திரையை விழுங்கத்தான் வேண்டும். ஆஸ்பிரினைப் பல்லுக்குப் பக்கத்தில் அடக்கி வைத்து, தைலத்தைவிட மோசமாக ஈறை வேகவைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, வலியின் குணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று வந்து உடனே போகிற வலி, கண்ணுக்குத் தெரிகிற குழி, மறுநாளே டாக்டரைப் பார்க்க முடியும் என்ற நிலை, இதற்கு ஒரு கிராம்பு போதும். குழி ஆழம், கிராம்பு எட்டவில்லை, வீட்டில் சுத்தமான தைலமும் பொறுமையான கையும் இருக்கிறது என்றால் கலந்த தைலம் ஒரு முறை, இரண்டு முறை. படுத்தால் வலி கூடுகிறது, காரணமே இல்லாமல் விண் விண் என்று தெறிக்கிறது என்றால் மாத்திரை, காலையில் முதல் ஆளாகக் கிளினிக். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வாய் திறக்க முடியாமலோ விழுங்க முடியாமலோ போனாலோ இந்தப் பட்டியலில் எதுவும் வேண்டாம், அந்த நேரத்துக்கே ஆஸ்பத்திரி. இன்னொன்று, நாலு நாள் தெறித்த பல் ஐந்தாம் நாள் தானாக அமைதியானால், தைலம் குணமாக்கிவிட்டது என்று நம்பாதீர்கள். பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்திருக்கும். சீழ் வைக்க அடுத்துக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்.

சரி, கிளினிக்குக்கு வந்துவிட்டீர்கள். இங்கே அதே யூஜினால் வேறு உருவத்தில் காத்திருக்கிறது. துத்தநாக ஆக்ஸைடு என்கிற வெள்ளைப் பொடியை யூஜினாலில் குழைத்துச் செய்கிற தற்காலிக அடைப்பு அது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பல் மருத்துவத்தில் இருக்கிறது. அதைக் குழைப்பது என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கண்ணாடிப் பலகையின் ஒரு ஓரத்தில் பொடி, நடுவில் இரண்டு சொட்டு திரவம். பொடியைப் பகுதி பகுதியாகத் தள்ளி, ஸ்பாட்டுலாவை அழுத்தித் தேய்க்கத் தேய்க்க முதலில் தயிராகும், பிறகு சப்பாத்தி மாவாகும். விரலில் ஒட்டாமல் கயிறாக உருட்ட வந்தால் பதம். இது இறுக ஈரம் வேண்டும். ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும் நாட்களில் பலகையிலேயே இறுகத் தொடங்கிவிடும், கையை வேகமாக ஓட்ட வேண்டும். வாய்க்குள் எச்சிலும் சூடும் இருப்பதால் வைத்த சில நிமிடத்தில் கெட்டியாகும்.

இதன் அருமை என்னவென்றால், கட்டியான பிறகும் யூஜினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். அடைப்புக்குக் கீழே கிருமிகளைக் கொல்லும் அளவுக்கு இருக்கும். அங்கிருந்து டென்டின் என்கிற பல்லின் நடு அடுக்கைத் தாண்டி நரம்பைத் தொடும்போது அதில் நூறில் ஒரு பங்காக இளைத்துவிடும். நரம்பைக் கொல்லாமல் அமைதிப்படுத்துகிற அளவு அது. அந்த அம்மா பஞ்சில் தேடியது இதைத்தான். பல்லே வடிகட்டியாக நின்று அளந்து கொடுக்கும்போது மருந்தாகிற பொருள், வடிகட்டி இல்லாமல் நேரே பட்டால் புண்ணாக்குகிறது. அதே காரணத்தால், நரம்பு திறந்து தெரிகிற குழியில் இதை நேரடியாக வைக்க மாட்டார்கள்.

அப்படியானால் எல்லாருக்கும் இதையே வைக்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் நோயாளியும் வாய் திறந்து ஒன்றைக் கேட்க வேண்டும். அடுத்து அந்தப் பல்லில் என்ன வரப்போகிறது? பல்லின் நிறத்திலேயே வைக்கிற, ரெசின் என்ற பிசினில் செய்த ஃபில்லிங்கும், கேப் ஒட்டப் பயன்படும் ரெசின் சிமென்ட்டும் நீல விளக்குப் பட்டோ தானாகவோ ஒரு சங்கிலி வினையில் கெட்டியாகின்றன. யூஜினால் அந்தச் சங்கிலியைப் பாதியில் அறுத்துவிடும். மிச்சமிருக்கும் யூஜினால் பல்லின் பரப்பில் ஊறியிருந்தால் மேலே வைக்கும் ஃபில்லிங்கின் அடிப்பகுதி சரியாக இறுகாது, பிடிப்பு தளரும். பழைய சிமென்ட்டைச் சுத்தமாகச் சுரண்டி, அமிலம் வைத்துக் கழுவி, சில நாள் இடைவெளியும் விட்டால் இந்தப் பாதிப்பு பெரிதும் குறையும். பொடியைக் கெட்டியாகச் சேர்த்துக் குழைத்தாலும் தளர்வான யூஜினால் குறைவாகவே மிஞ்சும். ஆனாலும் ரெசின்தான் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், யூஜினால் இல்லாத தற்காலிக சிமென்ட்டை வைப்பதுதான் எங்கள் கிளினிக்கில் வழக்கம்.

கூச்சம் அடங்கட்டும் என்று இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்க்கிற ஆழமான சொத்தைக்கு யூஜினால் சிமென்ட்டுக்கு நிகராக எனக்கு வேறு தெரியவில்லை. ரூட் கேனாலின் இரண்டு அமர்வுக்கு நடுவில் ஒரு வாரம் மூடி வைக்க, குழைக்கவே வேண்டாத, எச்சில் பட்டதும் லேசாக உப்பி ஓரங்களை அடைக்கிற ரெடிமேட் பசை வசதி. மாதக்கணக்கில் தாங்க வேண்டும், டாக்டரை மறுபடி எப்போது பார்ப்போம் என்று தெரியாது என்பவர்களுக்குக் கிளாஸ் அயனோமர் என்ற அடைப்பு நல்லது, அது பல்லோடு ஒட்டும், ஃபுளோரைடும் விடும். வெறும் யூஜினால் சிமென்ட் கடிக்கக் கடிக்கத் தேய்ந்து கரையும். வலி போய்விட்டது என்று அதை வைத்துக்கொண்டே ஆறு மாதம் ஓட்டுகிறவர்கள்தான் கடைசியில் பல்லை இழக்கிறார்கள்.

வாசனைப் பொருள் செய்கிறவர்களும் அடிக்கடி என்னிடம் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்கிற ஒரு தோழி, மொட்டுத் தைலம் விலை அதிகம், இலைத் தைலம் எடுத்தால் போதாதா என்றாள். இலைத் தைலத்திலும் யூஜினால் தாராளமாக உண்டு, சுத்த யூஜினாலை அதிலிருந்துதான் பெரும்பாலும் பிரிக்கிறார்கள். ஆனால் மொட்டுத் தைலத்தில் இருக்கும் யூஜினைல் அசிட்டேட் தருகிற பழ இனிப்பு இலையில் ரொம்பக் குறைவு. இலையின் வாசனை முரட்டுத்தனமாக இருக்கும். கிராம்பு வாசனையே கதாநாயகன் என்றால் மொட்டு, பின்னணியில் காரம் மட்டும் வேண்டும் என்றால் இலை. ரோஜாவோடோ கார்னேஷன் பூ மாதிரியோ இழைக்க வேண்டும் என்றால் சுத்த யூஜினாலே கைக்கு அடங்கும். 1948-ல் வந்த நீனா ரிச்சியின் லேர் டு தான் போன்ற பழைய வாசனைத் திரவியங்களின் கார்னேஷன் சாயல் இந்தக் குடும்பத்துச் சேர்மங்களிலிருந்துதான் வருகிறது. எதை எடுத்தாலும் அளவு சொற்பமாக இருக்கட்டும். உடம்பில் நிற்கிற பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலும், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தைத் தாண்டினாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் யூஜினால் என்று லேபிளில் எழுதியே ஆக வேண்டும், காரணம் சிலருக்கு ஒவ்வாமை வரும். இங்கேதான் செண்டுக் கடையும் பல் நாற்காலியும் சந்திக்கின்றன. செண்ட் பூசினால் தடிப்பு வருகிறவர்கள் பல் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அந்த அம்மாவுக்கு ரூட் கேனால்தான் தேவைப்பட்டது. உள்ளே சுத்தம் செய்து முடித்ததும் பழக்க தோஷத்தில் நான் கண்ணாடிப் பலகையை எடுத்தேன். டாக்டர் கையால் வேண்டாம் என்று காட்டினார். வெந்து கிடக்கிற ஈறுக்குப் பக்கத்தில் இன்னும் யூஜினால் எதற்கு, போதாக்குறைக்குப் பின்னால் ரெசினில்தான் கேப் ஒட்டப் போகிறோம். ரெடிமேட் பசையை வைத்து மூடினோம். அந்த அம்மா வாயைக் கொப்பளித்துவிட்டு, "இதுல கிராம்பு வாசனையே இல்லையே, வேலை செய்யுமா தங்கச்சி?" என்று என்னைக் கேட்டார். அந்த வாயில் ஏற்கெனவே எத்தனை கிராம்பு போயிருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். குப்பியை வீட்டில் பேரன் கைக்கு எட்டாத பரணில் வைக்கச் சொல்லி அனுப்பினோம். பத்து நாள் கழித்து அடுத்த அமர்வுக்கு வந்தபோது வெள்ளைத் தோல் போய், ஈறு பழையபடி இளஞ்சிவப்பாகியிருந்தது.